ஒற்றை ஆசனம் வீணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாகாண சபைத் தேர்தல் வரும், வரும் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. அதையொட்டி உங்கள் பத்திரிகைக்கு எழுதிய வாசகர் ஒருவர், சிறிய கட்சிகளுக்கு வாக்களிப்பது விழலுக்கு இறைத்த நீர் என்று முடித்திருந்தார். தனியொருவராகச் சபைக்குப் போகிறவர் கையை உயர்த்தினாலென்ன, உயர்த்தாவிட்டாலென்ன என்பது அவருடைய வாதம். நான் உள்ளூராட்சி சபைகளில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். உறுப்பினர்கள் பேசியதைக் கூட்டறிக்கையாக எழுதுவதிலேயே என் பாதி வயது போய்விட்டது. கை உயர்த்துவதைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்றிரண்டு உண்டு.

நான் இருந்த சபைகளில் ஒன்றில் (பெயர் வேண்டாம்) சிறிய கட்சியொன்றின் ஒரேயொரு உறுப்பினர் இருந்தார். சபையின் உழவு இயந்திரம் குப்பையைக் கொண்டுபோய்க் களப்பு ஓரத்தில் கொட்டுவதை நிறுத்த வேண்டும் என்று அவர் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். இறால் பிடிப்பவர்களின் வலையில் பொலித்தீன் பைதான் ஏறுகிறது. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் ஏழைகள், கேட்க ஆளில்லாதவர்கள், அதனால்தான் அங்கே கொட்டுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே பேசினார். வாக்கெடுப்பு நடக்கும், மனிதர் தோற்பார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நடந்தது வேறு. எல்லோரும் மேசையைத் தட்டி ஆதரித்தார்கள். ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று நானே தட்டச்சு செய்தேன். அடுத்த திங்கட்கிழமை உழவு இயந்திரம் அதே இடத்துக்குப் போனது. அதற்கடுத்த திங்களும் போனது. தோற்றிருந்தால் அவர் மறுபடியும் பிரேரணையோடு வந்திருப்பார். வெற்றியைக் கொடுத்தே அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு பிற நாட்டுச் சபைகளின் கதைகளைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பைத்தியமாகிவிட்டது. அப்படிப் படித்ததில் மனத்தில் தங்கியது அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியா மாநிலம். அங்கே பிராங்ளின் ஆற்றில் அணை கட்டும் நீர் மின்சாரத் திட்டத்துக்கு எதிராக 1982 டிசம்பரில் மக்கள் காட்டுக்குள் மறியல் செய்தார்கள். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவர் பொப் பிரவுன் என்ற மருத்துவர். 19 நாள் சிறையில் இருந்தார். அதே வேளையில் மாநில சபையில் ஜனநாயகவாதிகள் கட்சியின் நோர்ம் சான்டர்ஸ் தன் ஆசனத்தைத் துறந்திருந்தார். அங்கே அதற்கு இடைத்தேர்தல் கிடையாது. விலகியவருக்கு விழுந்த வாக்குச் சீட்டுகளையே மீண்டும் எண்ணி, அடுத்த விருப்பு யாருக்கு என்று பார்ப்பார்கள். அது பிரவுனுக்கு வந்தது. சிறையிலிருந்து வெளியே வந்த மறுநாளே மனிதர் சட்டமன்ற உறுப்பினர்!

அணையை நிறுத்தியது அவர் சபையில் ஆற்றிய உரை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசு கொண்டுவந்த சட்டமும், 1983 ஜூலையில் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அளித்த தீர்ப்பும்தான் அதை நிறுத்தின. வெற்றியையெல்லாம் ஒருவர் தலையில் சூட்டும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதற்காக இதைச் சொல்கிறேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை. ஒன்றன்பின் ஒன்றாகத் தனிநபர் சட்டமூலங்களை, அதாவது அரசாங்கம் அல்லாமல் ஓர் உறுப்பினர் தானே முன்வைக்கும் சட்ட வரைவுகளை, எழுதிக்கொண்டு வந்தார். அரசாங்கத் தகவலை மக்கள் கேட்டுப் பெறும் உரிமை, உறுப்பினர்களின் சம்பளத்தைக் குறைப்பது, கூண்டுக் கோழி வளர்ப்பைத் தடை செய்வது என்று பட்டியல் நீள்கிறது. சம்பளத்தைக் குறைக்கச் சொன்னவரைச் சக உறுப்பினர்கள் எந்த முகத்தோடு பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. 1987இல் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து அதைத் தோற்கடித்தன. 1996 ஏப்ரல் 28 அன்று அதே மாநிலத்தின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகுதான் நாடு முழுவதும் அந்தத் துப்பாக்கிகள் தடையாயின. தோற்றுப்போன அந்த வாக்கெடுப்பு அங்கே கூட்டறிக்கையில் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை மேசை தட்டி மறைக்க முடியவில்லை.

1989இல் சபையில் பிரவுனோடு சேர்த்துப் பசுமை அணியினர், அதாவது சுற்றாடலுக்காக நின்றவர்கள், ஐந்து பேரானார்கள். அதில் ஒருவர் கிறிஸ்டீன் மில்ன், பாடசாலை ஆசிரியை. தன் ஊர்ப்பக்கம் வரவிருந்த காகிதக்கூழ் ஆலையின் கழிவு கடலுக்குப் போகும் என்று விவசாயிகளையும் மீனவர்களையும் சேர்த்துக்கொண்டு போராடியவர். ஆட்சி அமைக்கத் தொழிற்கட்சிக்கு இவர்கள் கொடுத்த ஆதரவு மரச்சில்லு ஏற்றுமதி விடயத்தில் அடுத்த ஆண்டே முறிந்தது. கூட்டுச் சேர்ந்து ஏமாறுவது நமக்கு மட்டும் எழுதி வைத்த விதி அல்ல. ஆனால் 1991இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் அது வர 2016 ஆனது. 1997இல் மில்ன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தால், தன்பாலுறவைக் குற்றமாக்கிய பழைய சட்டம் நீங்கியது. அவுஸ்திரேலியாவில் அதைக் கடைசியாக நீக்கிய மாநிலம் தஸ்மேனியா. எங்கள் ஊரில் இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அதே வெள்ளைக்காரன் எழுதிய அதே மாதிரிச் சட்டம்தான் நம்முடைய தண்டனைக் கோவையிலும் இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இனி உங்கள் வாசகருக்கு நேரான பதில். 1998இல் தஸ்மேனியாவின் இரண்டு பெரிய கட்சிகளும் கைகோத்து, 35 ஆசனங்கள் கொண்ட சபையை 25 ஆக்கின. பசுமைக் கட்சி நான்கிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. 2024 தேர்தலில்தான் சபை மறுபடி 35 ஆனது. வீணான ஆசனங்களை வெட்டுவதற்கு இரண்டு பெரிய கட்சிகள் ஏன் இத்தனை பாடுபட வேண்டும்?

நமக்கு ஆசனங்களைக் குறைக்கவில்லை. கதவையே பூட்டிவிட்டார்கள். கிழக்கு மாகாண சபைக்கு 37 ஆசனங்கள். அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, மேலதிகம் இரண்டு. 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது. 2017 செப்டெம்பர் 30 அன்று பதவிக்காலம் முடிந்தது. அந்த ஆண்டு தேர்தல் முறையை மாற்றினார்கள், புதிய முறைக்காகத் தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த ஆண்டு நாடாளுமன்றமே நிராகரித்தது, அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சிதான்.

சபை இருந்தால் மட்டும் என்ன, சுற்றாடல் கொழும்பின் கையில் அல்லவா என்று கேட்பார்கள். ஒலுவில் துறைமுகம் வந்த பிறகு வடக்கே கரை அரிக்கப்பட்டதைப் பற்றிக் கேட்டால் அந்தப் பதில் ஓரளவு சரி. துறைமுகமும் கடற்கரையும் மத்திய அரசின் விடயங்கள். ஆனால் மாகாண சபைகளுக்கு வழிவகுத்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில், மாகாணங்களுக்குரிய அதிகாரங்களைச் சொல்லும் மாகாணப் பட்டியலிலேயே, நாடாளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு இருக்கிறது. உள்ளூராட்சியும் மாகாண விடயம். வடமேல் மாகாணம் 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டத்தை (மாகாண சபை இயற்றும் சட்டத்துக்கு அதுதான் பெயர்) நிறைவேற்றி, குருநாகலுக்கும் புத்தளத்துக்கும் சேர்த்துத் தனக்கென்று ஓர் அதிகாரசபையையே அமைத்துக்கொண்டது. இங்கிருந்து போன எவரும் அதை எடுத்துக்காட்டி வாதாடியதாக என் காதில் விழவில்லை. அபிவிருத்தி நிதி, வீதி விளக்கு, மதகு, நினைவுக்கல். இவற்றுக்கு மேலே பேச்சு ஏறவில்லை.

அம்பாறைக்கு அருகே பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீன் தின்று சாவதை 2022இல் உலகமே படமாகப் பார்த்தது. அது கொழும்பின் குப்பை அல்ல, நமது சபைகள் கொண்டுபோய்க் கொட்டியது. குப்பையை எங்கே கொட்டக் கூடாது, மீறிக் கொட்டினால் எந்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும், அந்த இடத்தில் குடியிருப்பவர்களை யார் முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்று ஒரு நியதிச்சட்டம் எழுத எத்தனை பக்கம் வேண்டும்? பத்துப் பக்கம் போதும். அதை எழுத 19 ஆசனங்கள் தேவையில்லை, நிறைவேற்றத்தான் தேவை. எழுதுவதற்கு ஓர் ஆசனம் போதும். தோற்றால் மறுபடியும் கொண்டுவரலாம்.

ஆகவே எந்தக் கட்சி வேட்பாளர் என் படலையைத் திறந்துகொண்டு வந்தாலும், தேநீர் கொடுத்த பிறகு ஒன்றைத்தான் கேட்கப் போகிறேன்: எழுதிக்கொண்டு வந்த தாள் எங்கே? தட்டச்சு செய்ய ஆளில்லை என்று சொன்னால் நானே செய்து தருகிறேன். என் பழைய இயந்திரம் இன்னும் ஓடுகிறது. ‘ஞ’ மட்டும் கொஞ்சம் மேலே ஏறி விழும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
அக்கரைப்பற்று.