செயலாளரின் ஆண்டறிக்கை: புதிய பயிற்சியாளர்கள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

"இரண்டே கோச், இத்தனை பிள்ளைகளை எப்படிப் பார்ப்பார்கள்?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டீர்கள். அதனால் இந்த ஆண்டின் பெரும்பகுதி புதிய பயிற்சியாளர்களைத் தேடிப் பழக்குவதிலேயே போனது. ஐந்து பேர் முன்வந்தார்கள். நான்கு பேர் பெற்றோர். "நான் ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லையே" என்று தயங்கியவர்கள். ஐந்தாமவர் கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஆடியவர், தயங்கவே இல்லை. பழகுவதற்கு அதிக நாள் பிடித்தது அவருக்குத்தான். தன் காலுக்குத் தானாக வருவதை எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பின்னணி விசாரணை, முதலுதவிப் பயிற்சி இரண்டும் முடியாமல் யார் கையிலும் விசில் கொடுக்கவில்லை. "இத்தனை வருடப் பழக்கம், என்னையுமா விசாரிப்பீர்கள்?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். என்னையும் விசாரித்தார்கள் என்று சொன்ன பிறகு சமாதானமானார். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது, பிள்ளைகளுக்குத் தனிச்செய்தி அனுப்பக்கூடாது என்ற விதிகளிலும் யாருக்கும் விலக்கு இல்லை.

முதலுதவி வகுப்பில், இதயம் நின்றவருக்குச் செய்வதுபோல் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் பொம்மையின் நெஞ்சை அழுத்தியதில், இரண்டாவது நிமிடத்திலேயே பலருக்கு மூச்சு வாங்கியது. தலையில் அடிபட்டு மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே அந்தப் பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. மருத்துவர் பார்க்காமல் மறுபடி இறக்கக்கூடாது. ஒரு போட்டியில் இதற்காகவே ஒரு தந்தையிடம் நம் புதிய பயிற்சியாளர் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் செய்ததுதான் சரி என்று செயற்குழு பதிவு செய்கிறது.

இனி முக்கியமான விஷயம். முதல் வாரம் தாளும் பேனாவுமாக மைதான ஓரத்தில் நின்றேன். ஒரு மணி நேரப் பயிற்சியில் பயிற்சியாளரின் பேச்சு மட்டும் 23 நிமிடம். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே வரிசை, ஒரே பந்து. கடைசியில் நின்ற சிறுமி பந்தைத் தொட்டது ஒன்பது முறை. மற்ற நேரமெல்லாம் ஷூ நுனியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் ஆரம்பித்த காலத்தில் இதைவிட அதிகம் பேசியிருக்கிறேன்.

மறுவாரம் கோன் வைத்து மூன்று கட்டம் பிரித்தோம். கட்டத்துக்கு நான்கு பேர், ஒரு பந்து, இரண்டுக்கு இரண்டு ஆட்டம். அதே சிறுமியின் தொடுதலை எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் கணக்கு தவறியதால் விட்டுவிட்டேன். ஸ்டோர் ரூமில் இருந்ததெல்லாம் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் கால்பந்து. சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறிய மூன்றாம், நான்காம் எண் பந்துகள் வாங்கினோம். கூடைப்பந்து வளையத்தையும் சிறுவர்களுக்காக 3.05 மீட்டரிலிருந்து 2.60 மீட்டருக்கு இறக்கினோம். எட்டாத வளையத்துக்கு எறிந்து எறிந்து தோளைக் கோணலாக்கிப் பழகிய பிள்ளைகள் இப்போது நேராக எறிகிறார்கள்.

பேச்சைக் குறைக்க ஓர் எடுத்துக்காட்டும் கிடைத்தது. அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் உட்டனின் பயிற்சிகளை 1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் உட்கார்ந்து குறித்தார்கள். அவர் வாயிலிருந்து வந்ததில் சுமார் முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற சிறு சிறு குறிப்புகள். பாராட்டும் கண்டிப்பும் சொற்பம். நம்மவர்களுக்கு "சூப்பர்" என்பதை விட்டு "இடது காலைப் பந்துக்குப் பக்கத்தில் வை" என்று சொல்லவே ஒரு மாதம் ஆனது.

பயிற்சியாளர்களைப் பழக்க இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: 1992-இல் வெளியான அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் ஆய்வொன்றில், பிள்ளைகளோடு பழகும் முறையில் பயிற்சி பெற்ற பயிற்சியாளர்களின் அணிகளிலிருந்து மறு பருவத்தில் விலகிய பிள்ளைகள் 5 சதவீதம், பயிற்சி பெறாதவர்களின் அணிகளில் 26 சதவீதம்.

ஐவரில் ஒருவர் வேலை நேரம் மாறியதால் விலகினார். மற்ற நால்வரும் தொடர்கிறார்கள், கல்லூரி ஆட்டக்காரர் உட்பட. சிறுமியர் குழுவுக்குப் பெண் பயிற்சியாளர் இன்னும் அமையவில்லை. இது என் வேலையில் விழுந்த குறை. விருப்பமுள்ள தாய்மார்கள் விசிலைப் பிடிக்கும் முன் நான்கு வாரம் ஓரத்தில் நின்று பார்த்தால் போதும். படிவம் வாசல் மேசையில் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்