ரெண்டாவது களி உருண்டை

கண்ணு,

உங்க அத்தை இன்னும் மாமா தட்டுல ஒரு களி உருண்டை வைக்கிறாங்க, ஓசூர்ல மனநல டாக்டர்கிட்ட காட்டலாமான்னு கேட்டிருந்தே. மாமா தை மாசம் இறந்துபோனவர், இப்போ வைகாசி. ரெண்டு உருண்டை போட்டே பழகின கை அது. அதை நோய்னு சொல்லாதே.

டாக்டர்களுக்குள்ளயே இதுல சண்டை உண்டு. சாவு நடந்து 2 மாசத்துக்குள்ள இருக்கிற துக்கத்தைப் பொதுவா மனச்சோர்வா எழுதக் கூடாதுன்னு அமெரிக்க மனநல டாக்டர்களோட நோய்க் கையேட்டுல ஒரு விலக்கு இருந்தது, 2013-ல எடுத்துட்டாங்க. 2022-ல ‘நீடித்த துக்கக் கோளாறு’ன்னு புதுசா சேர்த்தாங்க. பெரியவங்களுக்கு 12 மாசம் தாண்டியிருக்கணும். உலக சுகாதார நிறுவனத்துக்கு 6 மாசம். ரெண்டு பேருமே அந்தந்த ஊர் வழக்கத்தை மீறின துக்கமான்னு பார்க்கச் சொல்றாங்க.

நீ மாசத்தை எண்ணாதே, ஆளைப் பாரு. பெங்களூரா மாங்காய் கிலோ என்ன விலைக்குப் போச்சுன்னு கேட்கிறாங்களா? பேரன் சேட்டைக்குச் சிரிச்சுட்டு அடுத்த நிமிஷம் அழறாங்களா? அப்போ அது துக்கம். அலை மாதிரி வரும், போகும். எதுலயும் ஒட்டாம, நாள் முழுக்க ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ன்னு உட்கார்ந்திருந்தா, சாப்பாடும் சுகர் மாத்திரையும் விட்டுப்போனா, அது மனச்சோர்வா இருக்கலாம். அதுக்குத் திதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

‘அவர்கிட்டயே போயிடணும்’னு சொன்னா, சாகணும்னு நினைக்கிறீங்களான்னு நேரா கேளு. கேட்டா எண்ணம் வந்துடாது. எதுக்கும் தோப்புக் கொட்டகையில இருக்கிற பூச்சிமருந்தை இன்னிக்கே மாப்பிள்ளையை விட்டு வேற இடத்துல வச்சுப் பூட்டச் சொல்லு. ராத்திரின்னாலும் அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க.

தூக்க மாத்திரை துக்கத்தைக் குறைக்காது. வாரக்கணக்குல போட்டா பழகிடும், அந்த வயசுல தடுக்கி விழவும் வைக்கும். ஏற்கெனவே தினமும் போடறாங்கன்னா திடீர்னு நிறுத்தாதே, டாக்டரைக் கேட்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். துக்கம் வருஷம் தாண்டியும் இறுகிக் கிடந்தா, அதுக்கான பேச்சு சிகிச்சை இருக்கு, சுமார் 16 அமர்வு.

இன்னொண்ணு. முகூர்த்தத்துக்குக் கூப்பிடாம, பூ வைக்க விடாம ஒதுக்கிட்டு, ‘யார்கூடயும் பேச மாட்டேங்கிறாங்க’ன்னு ஊரே சொல்லுது. அதுக்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவார்?

தையில திதிக்குப் பத்து நாள் முன்னாடியே அழுகை கூடும். அந்த வாரத்துக்கு இப்பவே லீவு சொல்லி வை.

அம்மா