மேக்னட் கேட்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இங்கே அமெரிக்காவுக்குக் குடிவரும் அவசரத்தில் நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை எல்லாம் வரிசையாகக் கேட்டேன். பதினொரு வாய்ஸ் மெசேஜில் வீட்டு வாடகையைப் பற்றி ஒன்று, குளிரைப் பற்றி ஒன்று. மீதி ஒன்பதும் "அக்கா, பிளேரில் மேக்னட் கிடைக்குமா?" என்பதுதான். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேரிலாண்டின் சில்வர் ஸ்பிரிங்கில் இருக்கும் மான்ட்கோமரி பிளேர் உயர்நிலைப் பள்ளியும் மேக்னட்டும் ஒன்றல்ல. பிளேர் ஒரு சாதாரண அரசுப் பள்ளி. அந்த வட்டாரத்தில் குடியிருந்தால் உன் பையனுக்கு அங்கே இடம் உண்டு, பரீட்சை எதுவும் கிடையாது. படிக்கும் பிள்ளைகள் 3,000-ஐத் தாண்டும். அதற்குள்ளே அறிவியல், கணிதம், கணினி மூன்றையும் சேர்த்த மேக்னட் என்ற சிறப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது, வருடத்துக்குச் சுமார் 100 பேரைச் சேர்ப்பார்கள். எழுத்து, ஊடகம் பக்கம் சாயும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிறப்புத் திட்டமும் உண்டு. நம் ஆட்கள் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், ஏனோ. மேக்னட்டுக்கு விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். பிளேர் பக்கத்தில் கூடுதல் வாடகை கொடுத்து வீடு பிடித்தால் மேக்னட் கிடைத்துவிடும் என்று உன் ஆபீஸ் நண்பர் சொன்னாராமே, அவருக்கு என் அனுதாபங்கள்.

மேக்னட் என்றால் காந்தம். எதை இழுக்க வைத்த காந்தம் என்று இங்கே இருபது வருடம் இருப்பவர்கள்கூடக் கேட்பதில்லை. 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தால் போதுமா? குடியிருப்புகள் பிரிந்தே கிடந்தன, பள்ளிகளும் அப்படியே. பல ஊர்களில் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், பெரிய சண்டை ஆயிற்று. சரி, கட்டாயம் வேண்டாம், பெற்றோர் தாமாகவே வரும்படி நல்ல பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுபோய் வைப்போம் என்ற யோசனையில் பிறந்ததுதான் மேக்னட். பிளேரிலும் அதே கதை. சுற்றுவட்டாரம் மாறி, வெள்ளைக் குடும்பங்கள் விலகிக்கொண்டிருந்த நேரத்தில், 1985-இல் அங்கே மேக்னட் வந்தது. ஆக, கெட்டிக்காரர்களைப் பொறுக்கித் தனியாக வைக்க வந்ததல்ல அது. எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும் என்று வந்தது. போட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி இருக்கிறதே, அது முழுக்க முழுக்கத் தேர்வாகிப் போகிறவர்களுக்கானது. பிளேர் அப்படி இல்லை.

மேக்னட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜேக்கப் லூரி அதில் படித்தவர்தான். 1994-இல் கணித ஒலிம்பியாடில் அமெரிக்க அணியின் ஆறு பேரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள், அந்த ஆறில் ஒருவர். உலகம் அறிந்த கணித அறிஞர் இப்போது. ஆனால் நீ கூகுளில் பார்த்துப் பெருமூச்சு விட்ட, பிளேரில் படித்த பிரபலங்கள் பட்டியலில் இன்னும் சில பெயர்கள் இருந்தன, கவனித்தாயா? அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலைத் துருவிய பத்திரிகையாளர் கார்ல் பெர்ன்ஸ்டீன் 1961-இல் பிளேரில் முடித்தார். பிறகு கல்லூரிப் பட்டம்கூட வாங்கவில்லை (இதை உன் பையனிடம் சொல்லாதே). நடிகை கோல்டி ஹான், தொலைக்காட்சிச் செய்தியாளர் கானி சங், 1966-இல் ஒரே சீசனில் 49 பேஸ் திருடிய (பந்து வீசும் சமயம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) பேஸ்பால் வீரர் சன்னி ஜாக்சன், எல்லாரும் அந்தப் பள்ளிதான். மேக்னட் வருவதற்கு இருபது வருடம் முந்தியவர்கள்.

என் மகளுக்கு மேக்னட் கிடைக்கவில்லை. உனக்குத் தெரியும், நீதான் அப்போது "மறுபடி அப்பீல் பண்ணு" என்று படுத்தி எடுத்தாய். வீடு அந்த வட்டாரத்தில் இருந்ததால் பிளேருக்கே போனாள். முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கிராஸ் கன்ட்ரி என்கிற, புல்வெளியிலும் மண்பாதையிலும் ஓடும் நீண்ட ஓட்டத்தில் சேர்ந்தாள். கூடைப்பந்து மாதிரி ஆட்டங்களுக்குத் தேர்வு வைத்து ஆளைக் கழிப்பார்கள், இதில் வந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். அதனால்தான் இவளுக்கும் இடம் கிடைத்தது.

நம் ஊரில் பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வாரே, அந்தப் பழக்கத்தில் வளர்ந்ததால் எனக்கு இந்த ஓட்டத்தின் மேல் பெரிய எரிச்சல். தினமும் பள்ளி விட்டதும் ஓட்டம், வியர்வையோடு வீட்டுக்கு வந்து ஒரு சட்டிச் சோறு. எப்போது படிப்பாள்? ஒரு சனிக்கிழமை போட்டிக்குப் போய் நின்றேன். ஐந்து கிலோமீட்டர். ஒரு அணியில் ஏழு பேர் ஓடினால் முதல் ஐந்து பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டல் குறைந்த அணிதான் ஜெயிக்கும். முதலில் வந்தவளுக்கு ஒரு கைதட்டல், அவ்வளவுதான். அவள் எப்படியும் வருவாள் என்று எல்லாருக்கும் தெரியும். நாலாவது, ஐந்தாவது ஆள் கண்ணில் படும்போதுதான் பெற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அன்று எங்கள் அணியில் ஐந்தாவது இவள். பக்கத்தில் நின்று இவள் பெயரைச் சொல்லிக் கத்தியவர் எல் சால்வடோர்க்காரர், அவர் மகள் நாலாவது. மூன்றாவதாக வந்தவள் மேக்னட் பிள்ளை, முடிந்ததும் புல்லில் படுத்துக்கொண்டே இவளுக்கு ஏதோ வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோன எலுமிச்சைச் சாதம் மூன்று வீட்டுக்குப் பங்காயிற்று.

அதனால் வீடு பார்க்கும்போது மேக்னட்டை மறந்துவிட்டுப் பார். உன் பையனுக்குப் பள்ளிக்கு நடந்து போக முடியுமா, அது பார். பள்ளி, வாஷிங்டனைச் சுற்றிப் போகும் பெல்ட்வே நெடுஞ்சாலையை ஒட்டி, ஃபோர் கார்னர்ஸ் சந்திப்பில் இருக்கிறது. 1998-இல்தான் வெய்ன் அவென்யூவிலிருந்து அங்கே மாறியது, அதனால் பழைய ஆட்கள் சொல்லும் வழியைக் கேட்டுப் போகாதே. எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்பது கல்வி மாவட்டம் போடும் எல்லைதான், அவ்வப்போது மாற்றுவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் முகவரியை அவர்கள் வலைத்தளத்தில் போட்டுப் பார்த்துவிடு. மேக்னட்டுக்கும் விண்ணப்பம் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கிடைத்தால் அவன் பாடு, கிடைக்காவிட்டால் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் துக்கம் கொண்டாடக் கூடாது.

தடுப்பூசி அட்டையை ஒரிஜினலாகக் கொண்டு வா, சென்னை டாக்டரிடம் ஆங்கிலத்தில் தேதியோடு எழுதி வாங்கு. எந்த விளையாட்டில் சேர்ந்தாலும் இங்கே டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்ட படிவம் கேட்பார்கள், கிராஸ் கன்ட்ரி மாதிரி விளையாட்டுகளுக்குப் பயிற்சி ஆகஸ்டிலேயே ஆரம்பமாகிவிடும். ஜூலைக்குள் வந்துவிட்டால் நல்லது. ஓடுகிற ஷூ அங்கே வாங்காதே, பையன் வளர்கிற கால், இங்கே வந்து அளந்து வாங்கிக்கொள்ளலாம்.

அம்மாவிடம் மாவடு கொடுத்தனுப்பச் சொல்.

அன்புடன்,
அக்கா