லண்டன் முத்திரையை மட்டும் நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழம்பொருள் சேகரிப்பு குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் படத்துடன் இடம்பெற்றிருந்த மூடியிட்ட பியூட்டர் (வெள்ளீயக் கலப்புலோகம்) பீர்க் குவளையில் வெள்ளிப் பொருளுக்குரிய நான்கு சிறு முத்திரைகளும் ‘லண்டன்’ என்ற சொல்லும் காணப்படுவதால், அது வெள்ளி கலந்த உலோகத்தால் லண்டனில் செய்யப்பட்டது என்று கட்டுரையாளர் முடிவு செய்திருக்கிறார். இரண்டு முடிவுகளுமே அந்தச் சான்றுகளிலிருந்து பெறக்கூடியவை அல்ல.

பியூட்டரில் வெள்ளி சேர்ப்பதில்லை. நம் வீடுகளில் இரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் போலவே அதற்கும் அடிப்படை வெள்ளீயம்தான். உறுதிக்காகச் சிறிதளவு செம்பும் ஆன்டிமனி என்ற உலோகமும், மலிவான சரக்காக இருந்தால் காரீயமும் சேர்ப்பார்கள். வெள்ளிக்குரியவை போலத் தோன்றும் அந்த நான்கு முத்திரைகளை பியூட்டர் வேலைக்காரர்கள் தாங்களாகவே குத்திக்கொண்டார்கள். பொற்கொல்லர் சங்கத்தார் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்து முறையிட்டும் அந்த வழக்கம் நிற்கவில்லை. வாங்குபவரின் கண்ணுக்கு அது மதிப்பாகத் தெரிந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

செய்தவர் யார் என்பதைச் சொல்வது அவருடைய சொந்த முத்திரை மட்டுமே. லண்டன் பியூட்டர் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களின் முத்திரைகளைத் தகடுகளில் பதிந்து பாதுகாத்து வந்தது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் சங்கத்தின் மண்டபத்தோடு பழைய தகடுகளும் அழிந்துபோக, 1668 முதல் புதிய தகடுகளில் பதிவு மீண்டும் தொடங்கியது. அத்தகடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைகள் இன்றும் உள்ளன. ‘லண்டன்’ என்ற சொல்லையோ வெளியூர்க்காரர்களும், அமெரிக்கக் குடியேற்றங்களில் இருந்த சிலரும்கூடத் தங்கள் சரக்கில் குத்தினார்கள். லண்டன் சரக்கு என்றால் கேட்காமலே விலை போயிற்று. (வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய பொருளின் மீதான மோகம் இன்றும் எங்கும் குறைந்துவிடவில்லை.)

பிலடெல்பியா நகரத்து வில்லியம் வில் என்பவரின் வரலாறு இங்கே கவனிக்கத்தக்கது. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள நொய்வீட் நகரில் 1742இல் பிறந்த அவர், பியூட்டர் தொழிலாளியான தந்தையுடன் சிறுவயதிலேயே நியூயார்க் வந்து, பின்னர் பிலடெல்பியாவில் தொழில் நடத்தினார். அமெரிக்க விடுதலைப் போரில் குடிப்படை அதிகாரியாகவும் 1780களின் தொடக்கத்தில் அந்நகரின் ஷெரீபாகவும் (சட்டம் ஒழுங்கு அதிகாரி) இருந்து 1798இல் காலமானார். அவர் செய்த மூடிக் குவளைகள் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் முதல் தரமானவையாகப் போற்றப்படுகின்றன. பிரிட்டன், செய்து முடித்த பாத்திரங்களை வரியின்றி அனுப்பிவிட்டு வெள்ளீயக் கட்டிகளுக்கு வரி விதித்ததால், அமெரிக்கத் தொழிலாளிகள் வாடிக்கையாளரின் உடைந்த பழம்பாத்திரங்களை வாங்கி உருக்கியே பெரும்பாலும் புதியவற்றை வார்க்க வேண்டியிருந்தது. அத்தகைய நெருக்கடியில் இவ்வளவு நேர்த்தியான வேலையைச் செய்தவரின் குவளை ஒன்றை, ஒரு சொல்லை நம்பி, லண்டன் கணக்கில் எழுதிவிடுவது எவ்வளவு பெரிய அநீதி!

வடிவத்தை வைத்துக் காலத்தைக் கணிப்பதிலும் எச்சரிக்கை தேவை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழக்கிலிருந்த தட்டையான மூடி அந்நூற்றாண்டின் இறுதியில் குவிந்த மூடிக்கு இடம் கொடுத்தது. நியூயார்க் தொழிலாளிகளோ அதற்குப் பின் பல பத்தாண்டுகள் தட்டை மூடியையே வார்த்துவந்தார்கள். வெண்கல அச்சுகள் விலை மிகுந்தவை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறியவை. அச்சு இருக்கும் வரை வடிவமும் இருந்தது.

முத்திரை தேய்ந்துபோன குவளையாக இருந்தால், கைப்பிடி பொருந்தும் இடத்துக்கு நேராக உட்புறச் சுவரைப் பார்க்க வேண்டும். கைப்பிடிக்கான உருகிய உலோகத்தை நேரடியாகக் குவளையின் உடலோடு சேர வார்க்கும்போது, சுவர் உருகிச் சரிந்துவிடாதிருக்க, உள்ளே துணியால் போர்த்திய மணற்பையை அழுத்திப் பிடிப்பார்கள். இளகிய உலோகத்தில் அத்துணியின் நெசவு அப்படியே பதிந்துவிடும். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இழைகளைத் தெளிவாகக் காணக்கூடிய குவளைகள் உண்டு. இது செய்தவரின் பெயரைச் சொல்லாது என்றாலும் செய்முறையைச் சொல்லும். மேலே குத்தப்பட்ட எந்தச் சொல்லையும்விட நான் இதையே நம்புவேன்.

ஆகவே, இத்தகைய பொருட்களைப் பற்றி இனி எழுதும்போது, குவளையின் முன்தோற்றத்தோடு, செய்தவரின் முத்திரை பெரும்பாலும் அமைந்திருக்கும் உட்புற அடிப்பகுதியின் படத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையில் சொல்லப்பட்ட குவளைக்கு அப்படியொரு படம் கட்டுரையாளரிடம் இருக்குமானால், அடுத்த இணைப்பிலேயே அதை வெளியிட்டு உதவ வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.