பாப்பாவுக்கு, சோப்புத்தூள் விஷயமாக

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடையை அடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

புதன்கிழமை அம்மாவிடம், எந்த சோப்புத்தூள் விலை குறைவு, கையால் துவைக்க எது தோதுப்படும் என்று கேட்டாயாம். அவள் நம் வீட்டில் போடுகிற தூளைச் சொல்லியிருக்கிறாள். அது இந்த ஊர்த் தண்ணிக்குச் சரி, உன் ஊருக்கு ஆகாது. இத்தனை வருஷம் சோப்புத்தூள் விற்கிறவன் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும்.

நீ ஆற்றுத் தண்ணியில் வளர்ந்தவள். தாமிரபரணித் தண்ணியில் ஒரு கை தூள் போட்டால் வாளி நிறைய நுரை வரும். சென்னையில், ஓ.எம்.ஆரில் உங்களுக்கு வருவது போர் தண்ணியும் லாரித் தண்ணியும். அதில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் கரைந்திருக்கிறது. நீ போடுகிற தூளில் ஒரு பங்கை முதலில் அந்த உப்புதான் தின்னும். மிச்சம்தான் அழுக்குக்கு. நுரை வரவில்லையே என்று நீ இன்னொரு கை அள்ளிப் போடுவாய். அப்படிப் போட்டால் விலை குறைந்த தூள் வாங்கி என்ன பிரயோஜனம்?

அம்மா இன்னொன்றும் சொன்னாள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிந்து வருகிற தண்ணியைப் பிடித்து வைத்துத் துணி நனைக்கிறாயாம். எதையும் வீணாக்காத உன் குணம் எனக்குப் பெருமைதான். ஆனால் குடிதண்ணியிலிருந்து பிரித்த உப்பு முழுக்க அதில்தான் சேர்கிறது. அதில் துவைத்தால் தூள் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும், வெள்ளைத் துணி பழுப்பேறும். தரை துடைக்கவும் கக்கூஸில் ஊற்றவும் அதை வைத்துக்கொள். உங்கள் பக்கம் தண்ணித் தட்டுப்பாடா? இல்லை, லாரிக்காரனுக்குக் கொடுக்கிற காசும் பார்க்க வேண்டியிருக்கிறதா?

கிலோ விலையைப் பார்க்காதே. ஒரு வாளித் துணிக்கு எவ்வளவு ஆகிறது என்று பார். கிலோ 80 ரூபாய் தூள் ஒன்று, உங்கள் தண்ணிக்கு ஒரு வாளிக்கு 60 கிராம் பிடிக்கிறது என்று வை. 4 ரூபாய் 80 பைசா. கிலோ 150 ரூபாய் தூள் 30 கிராமில் அதே வேலையைச் செய்தால் 4 ரூபாய் 50 பைசா. விலை கூடின தூள்தான் இங்கே மலிவு. எல்லாத் தூளும் இப்படி இருக்காது, அதனால் நீயே போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ரெண்டு சின்னப் பாக்கெட் வாங்கு. ஒரே மாதிரித் துணியை ரெண்டு வாளியில் ஊறப்போடு. குறைந்த அளவில் தொடங்கி, காலர் அழுக்கு எந்த அளவில் போகிறது என்று பார். நுரையைப் பார்க்காதே, காலரைப் பார். விலை குறைந்த தூளில் எடைக்காகச் சேர்க்கிற உப்பு அதிகம், சோடாவும் அதிகம். அந்தச் சோடாதான் கையைப் பிடுங்கும்.

பாக்கெட்டோடு வருகிற கரண்டியையும் நம்பாதே, அது பெரிசு. நம் வீட்டு எவர்சில்வர் கரண்டி ஒன்று உன்னிடம் இருக்கிறதே, அதே அளவுக் கரண்டியில் தலைதட்டி எடுத்துக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 15 கிராம் வந்தது. ஒரு வாளிக்கு ரெண்டு கரண்டி தலைதட்டி. குவித்து எடுக்காதே.

சரத்தில் தொங்குகிற பத்து ரூபாய் பாக்கெட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம். சில கம்பெனிகளில் கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் பெரிய பாக்கெட்டைவிட அதுதான் மலிவு. ஒரு கிராம் என்ன விலை என்று இப்போது பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள், ஓரமாகப் பொடி எழுத்தில் இருக்கும். வாளி இலவசம், டப்பா இலவசம் என்றால் அந்த விலையும் உன்னிடம்தான் வாங்குகிறார்கள். உதிரித் தூள் பக்கமே போகாதே. அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. லிக்விட் எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது, பச்சைத் தண்ணியில் உடனே கரையும், அதெல்லாம் வாஸ்தவம். ஆனால் அதில் பாதிக்கு மேல் தண்ணிதான். வீட்டுத் துணி முழுக்க லிக்விட்டிலேயே துவைத்தால் கட்டுப்படியாகாது. ஊற்றினால் வாசனை வருமே, அந்த கண்டிஷனரை இன்றைக்கே நிறுத்திவிடு. அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, துண்டு ஈரம் இழுப்பதைத்தான் அது கெடுக்கிறது.

மலிவுத் தூள் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை பாப்பா. சர்ஃப் 1959லேயே வந்துவிட்டது, ஆனால் வசதியுள்ள வீடுகளுக்குத்தான் கட்டுப்படியானது. 1969ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்கிறவர் வீட்டிலேயே தூள் தயாரித்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்றார். கிலோ பதின்மூன்று ரூபாய் சர்ஃபுக்குப் பக்கத்தில் மூன்று ரூபாய் சொச்சத்துக்கு அவருடைய நிர்மா நின்றது. நம் கடைக்கு அது வந்தபோது, அதுவரை பார் சோப்பை நூல் போட்டு அறுத்துக் கால் துண்டு, அரைத் துண்டு என்று வாங்கிப் போனவர்கள் தலை நிமிர்ந்து தூள் பாக்கெட் கேட்டார்கள். உன் ஆச்சி கடைசிவரை அதில்தான் துவைத்தாள். ஆகவே விலை குறைந்ததைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. நீ குரலைத் தாழ்த்திக் கேட்டாய் என்று அம்மா சொன்னாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வாஷிங் மெஷின் என்ன ஆயிற்று? வளைகாப்பு முடிந்து நீ திரும்பும்போது வாங்கிக் கொடுத்தது. முன்பக்கம் கதவு வைத்தது. பழுதாகிவிட்டதா? பழுது என்றால் சொல், பார்க்க ஆள் வைக்கலாம், பெரிய செலவில்லை. ஓடுகிறது, கரண்ட் பில்லுக்காகப் போடுவதில்லை என்றால் அது தப்புக் கணக்கு. பச்சைத் தண்ணியில் ஓடினால் அதற்குக் கரண்ட் ரொம்பக் குறைவு. தண்ணியைச் சூடாக்கும்போதுதான் இழுக்கும். சூட்டை நிறுத்திவிட்டு, துணி சேர்த்து வைத்து ஒரே தடவையாகப் போடு. அதற்கு நுரை குறைந்த, முன்கதவு மெஷினுக்கென்று போட்டிருக்கிற தூள்தான் வாங்க வேண்டும். கையால் துவைக்கிற தூளைப் போட்டால் நுரை பொங்கும், மெஷின் திரும்பத் திரும்ப அலசும், தண்ணிதான் செலவு. மெஷினே வீட்டில் இல்லை, வேறு என்னவோ ஆகிவிட்டது என்றாலும் சொல். பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். அத்தை வீட்டில் நடந்த மாதிரி, ஒவ்வொன்றாகப் போன பிறகு கடைசியில் நமக்குத் தெரியவரக் கூடாது. அத்தையிடம் நான் எத்தனை கோபப்பட்டேன் என்று நீயே பார்த்தாய்.

கை எரிகிறது என்றாயாம். உனக்குச் சின்ன வயசிலேயே விரலிடுக்கில் கரப்பான் புண் வரும். அதனால் கையால்தான் துவைக்க வேண்டும் என்றால் கையுறை போட்டுக்கொள். தூளைத் தண்ணியில் நன்றாகக் கரைத்துவிட்டு, பிறகு துணியைப் போடு. அரைமணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் வெளியே வந்த அழுக்கு திரும்பத் துணியில் ஏறும், சாயமும் போகும். காலருக்கும் கைமடிப்புக்கும் மட்டும் சோப்புக் கட்டி தேய்த்துவிடு, அப்போது தூள் குறைவாகப் பிடிக்கும். ஆனால் உப்புத் தண்ணியில் பழைய பார் சோப் திரிந்து துணியில் பிசுபிசுவென்று ஒட்டும், டிடர்ஜென்ட் கட்டிதான் வாங்கணும். கட்டியை ஈரத்தில் கிடக்கவிடாதே, பாதி சும்மா கரைந்து போகும். ஓட்டை போட்ட தட்டில் வை.

வெள்ளை வேட்டி, பெட்ஷீட், துண்டு இதற்கெல்லாம் முதலில் வாளித் தண்ணியில் ஒரு கரண்டி வாஷிங் சோடாவைக் கரைத்துவிடு. தண்ணியின் கடினத்தை அது வாங்கிக்கொள்ளும், தூள் பாதி போதும். விலையும் சொற்பம். வெறுங்கையால் மட்டும் தொடாதே, கரப்பான் கிளம்பிவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடாவும் கூடாது, என்சைம் போட்ட தூளும் கூடாது. அந்த என்சைம் முட்டை, பால், ரத்தக் கறை மாதிரிப் புரதக் கறையைத்தான் தின்னும். பட்டும் அப்படிப்பட்ட நூல்தானே. பட்டுக்குப் பூந்திக்கொட்டை அனுப்புகிறேன். பேரனின் யூனிபார்ம் சட்டைக்கு விலை கூடின வெண்மைத் தூள் வேண்டாம், கடைசி அலசலில் நாலு சொட்டு உஜாலா விடு. தண்ணியில் கலந்துவிட்டு, பிறகுதான் சட்டையை முக்க வேண்டும். சட்டை மேல் சொட்டினால் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஒன்று கேட்க வேண்டும். எவ்வளவு தூள் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட, வாரத்துக்கு எவ்வளவு துணி விழுகிறது என்று எனக்குத் தெரியணும். உன் சேலை, சுடிதார், பேரன் துணி எனக்கு ஒரு மாதிரி தெரியும். மாப்பிள்ளையின் ஆபீஸ் சட்டை வாரத்துக்கு எத்தனை? முன்னே ஐந்து, ஆறு என்று சொல்வாய். இஸ்திரிக்காரருக்குக் கொடுத்து மாளவில்லை என்பாய். இப்போது ரெண்டு மாசமாக இஸ்திரிக்காரர் பேச்சே உன் வாயில் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாரா? கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் வருகிறது. படித்துவிட்டு அம்மாவுக்குத் தெரியாமல் மடித்து வைத்துவிடுகிறேன். மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. உழைக்கிற மனுஷன். அவர் முகம் வாடும்படி நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அதனால்தான் உன்னிடம் சட்டைக் கணக்கு கேட்கிறேன்.

எட்டாம் வகுப்பில் நீ கல்லாவில் உட்கார்ந்து, கால் கிலோ பாக்கெட் நாலு வாங்குவதைவிட ஒரு கிலோ வாங்கினால் என்ன மிச்சம் என்று வருகிறவர்களுக்கு வாயாலேயே சொல்வாய். கடைக்குச் சரக்குப் போட வருகிற லைன் வண்டிக்காரர் ஸ்கீம் என்று குழப்பினாலும் உன்னை ஏமாற்ற முடியாது. அந்தப் பிள்ளை, எது மலிவு என்று இன்றைக்கு அம்மாவிடம் கேட்கிறது. உனக்குத் தெரியாத கணக்கா? வேறு எதையோ சொல்ல வந்து இதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய் என்றுதான் எனக்குப் படுகிறது. புதன்கிழமையிலிருந்து கடையில் எனக்குச் சில்லறை தப்பித் தப்பிப் போகிறது.

உன் பேரில் நான் போட்டுவந்த சீட்டு சித்திரையில் முடிகிறது. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அது உன் பணம், எதற்கு என்று நான் கேட்கமாட்டேன். அதற்கு முன்னாலேயே வேண்டுமென்றால் தொகையில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம், சீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். மாடி வீட்டுக் கல்யாணம், உன் சித்தப்பா கண் ஆபரேஷன் எல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது அதில் மனசு போகவில்லை.

மறுபடியும் சொல்கிறேன். ரெண்டு கரண்டி, தலைதட்டி. கையுறை இல்லாமல் துவைக்காதே. ஆர்.ஓ. தண்ணி வேண்டாம்.

கைத்தூள் மூன்று கிலோ, மெஷின் தூள் ஒரு கிலோ, சோடா, பூந்திக்கொட்டை, ரெண்டு ஜோடி கையுறை, பேரனுக்குக் கடலை மிட்டாய் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை பஸ் பார்சலில் போட்டால் வெள்ளிக்கிழமை பகலில் அங்கே வந்துவிடும், கனம் கூடுதல், நீ தூக்க வேண்டாம். பகலில் போய் எடுக்க மாப்பிள்ளைக்கு நேரம் இருக்குமா, இல்லை சனிக்கிழமை லீவு நாளில் வருகிற மாதிரி போடட்டுமா என்று எனக்கு ஒரு வரி எழுது. அம்மாவிடம் சொல்லாதே, எனக்கே எழுது.

அப்பா