ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் 14 உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் ஒளிப்படக் கழகப் பட்டியலில் நாம் 43 பேர்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஆகஸ்ட் 19, உலக ஒளிப்பட நாளில் கண்காட்சி வைத்தோம். ஜனவரியில் உதகை போனோம். 1967-ல் உற்பத்தி தொடங்கி ‘இந்து’ பிலிம் தந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பிலிம் கழுவ நாம் அமைத்த இருட்டறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘அது செயலாளரின் சொந்த ஆசை’ என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. ஆசைதான். ஸ்டோர் ரூம் ஜன்னலுக்கு மூன்று மடிப்புக் கறுப்புத் துணி அடித்தது நான். மே மாதம் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி. பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் டி-76 டெவலப்பர் கரைசலுக்கு வேண்டியது 20. டப்பில் ஐஸ் போட்டு, பிலிம் கழுவும் மூடிய டாங்கை அதில் நிறுத்தி, எச்பி5 என்ற கறுப்பு-வெள்ளை ரோலுக்கு ஏழரை நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஆட்டிக்கொண்டிருந்தோம். ஐஸ் காசு கணக்கில் வராது, என் பையிலிருந்து போனது.

கல்லூரி மாணவி ஒருவர் 36 பிரேமை மூன்று வாரம் வைத்து எடுத்திருந்தார். சொட்டச் சொட்ட நெகடிவை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, “சார், பாட்டியோட நரைமுடியெல்லாம் கறுத்துப்போச்சு!” என்று சிரித்தார். போனில் ஒரு நாளைக்கு முந்நூறு படம் எடுக்கிற பெண் அவர். மறு வாரமே அடுத்த ரோலோடு வந்துவிட்டார்.

இன்னொரு நாள், இருட்டில் பிலிமை ரீலில் சுற்றும்போது மூத்த உறுப்பினர் ஒருவரின் சட்டைப்பையில் போன் ஒளிர்ந்தது. ரோல் பாழ். அன்று நான் பேசிய வார்த்தைக்கு வருந்துகிறேன், கோபத்துக்கு வருந்தவில்லை.

சந்தா ரூ.500. கட்டியவர்கள் 19 பேர். ‘டிஜிட்டலில் உயிரில்லை, பிலிம்தான் பிலிம்’ என்று நள்ளிரவு வரை வாட்ஸப்பில் வாதாடும் ஆறு பேரில் நால்வருக்கு இரண்டாண்டு பாக்கி. கோடாக் 2012-ல் நிறுத்திய எக்டாக்ரோம் ஸ்லைடு பிலிமை 2018-ல் மீண்டும் கொண்டுவந்தது, காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். இரண்டு டாங்கில் ஒன்று ‘ஒரு வாரத்துக்கு’ என்று தீபாவளிக்கு முன் போனது. எடுத்துப்போனவர் யாரென்று சொல்லவில்லை; அவர் இன்று வரவுமில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய ஈடு. விழுந்த துண்டைக் கைமாற்றில் சமாளித்தோம். ரசீதுகள் கோப்பில் உள்ளன. தலைவர், பொருளாளர், கண்காட்சிக்கு இடம் தந்த நூலகர், தேநீர் தந்தவர் அனைவருக்கும் நன்றி.

ஆறாண்டு இந்தப் பொறுப்பில் இருந்துவிட்டேன். யார் முன்வந்தாலும் இன்றே சாவியைத் தரத் தயார். இருட்டறை வாடகை 10-ம் தேதிக்குள் கட்ட வேண்டும், கழுவிய படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ உப்பு ஒரு கிலோதான் மிச்சம். ரசீதுப் புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது.

— செயலாளர்