கல்லாகிப் போன தேரி

சாண்ட்லர், அரிசோனா
29.10.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதம் ஆவணியிலேயே வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும், இன்றைக்கு எழுதிவிடவேண்டும் என்று நினைப்பேன், அப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் பேசலாம்தான். ஆனால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, இரண்டு தடவை ‘சரி, சரி’ என்றுவிட்டு அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அதற்கு இதுவே மேல். எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். முடியாவிட்டால் மைனியை வாசிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு அக்டோபர் தொடக்கத்தில் இரண்டு வாரம் பள்ளிக்கூட விடுமுறை. எனக்கும் லீவு தோதாக அமைந்தது. கூடாரம் போட்டுத் தங்கும் இடத்தை ஆறு மாதம் முன்பே பதிந்து வைத்திருந்தேன், அதை விட மனமில்லை. ஒன்பது ராத்திரி, சுமார் 1,500 மைல், காரிலேயே வடக்கே யூட்டா மாநிலத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்தோம். ஓட்டல் எதற்கு, கூடாரம்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நாங்களே முடிவு செய்தோம். நுழைவுக் கட்டணமும் கிடையாது. பாப்பா இப்போது நாலாம் வகுப்பு அல்லவா, இங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வருஷம் இலவச அட்டை தருகிறார்கள். காரில் கூட வருகிறவர்களும் அதிலேயே போகலாம். இல்லாவிட்டால் வருஷ அட்டைக்கு 80 டாலர். பாப்பா ஒவ்வொரு வாசலிலும் அதைக் கலெக்டர் உத்தரவு மாதிரி நீட்டினாள்.

முதலில் ஸயான். அப்பா, அந்த இடத்தைப் பற்றி உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதமே. இரண்டு பக்கமும் 2,000 அடிக்குச் செங்குத்தாகப் பாறை. நிறம் என்ன தெரியுமா, அசல் நம் தேரி மணல்மேட்டு நிறம். காயாமொழி தாண்டிக் குதிரைமொழித் தேரிக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவோமே, அந்தச் சிவப்பு. பாறையில் கோடு கோடாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. ரேஞ்சர் ஒருவர் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னார்: இது மலையாகப் பிறந்தது இல்லையாம். சுமார் 18 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே வெறும் மணல் மேடுதான், காற்று அள்ளி அள்ளிப் போட்ட மணல். மேலே மேலே மூடி, அழுந்தி, கல்லாகிவிட்டது. சாய்ந்த கோடெல்லாம் அன்றைக்கு அடித்த காற்றின் தடம். சிவப்பு, மணலில் உள்ள இரும்பின் துரு. நம் தேரிக்கும் அதே காரணம்தான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, எங்கள் ஊரிலும் இப்படி உண்டு, ஆடிக் காற்றில் மேடு இடம் மாறும் என்று சொன்னேன். எத்தனை அடி உயரம் என்று கேட்டார். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பீர்கள். கல்லாகிப் போன தேரி என்று பாப்பாவிடம் சொன்னேன். பனை எங்கே என்று கேட்டாள்.

அங்கே ஒரு அநியாயமும் நடந்தது. அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டியில் கடைசி ஒன்றரை வட்டு மிச்சம் இருந்தது, கறுப்புக் காப்பிக்கு என்று கொண்டுபோயிருந்தோம். அணில் பையைக் கடித்துக் கிழித்துவிட்டது. நம் ஊர் அணில் இல்லை, முதுகில் கோடும் கிடையாது, கீரிப்பிள்ளை பருமனுக்கு இருக்கிறது. அதற்குத் தீனி போட்டால் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். திருடித் தின்றால் யாருக்கு அபராதம் என்று எழுதவில்லை.

அடுத்து பிரைஸ் கேன்யன். 8,000 அடி உயரம். குளிர் என்றால் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி. விடிந்து பார்த்தால் வாளித் தண்ணீர் மேலே ஏடு கட்டியிருந்தது. அங்கே பாறையெல்லாம் தூண் தூணாக, ஆயிரக்கணக்கில், ஊர்க்கூட்டம் கூடி நிற்பது மாதிரி நிற்கிறது. விரிசலில் இறங்கும் தண்ணீர் ராத்திரி உறைந்து உப்பும், பகலில் இளகும். வருஷத்தில் நூறு நாளுக்கு மேல் இப்படி நடந்து நடந்தே பாறை பிளந்து தூணாகிறதாம். அந்த இடத்தில் 1870களில் குடியேறிய பிரைஸ் என்பவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் மாடு வைத்திருந்தவர். இவ்வளவு அழகைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதாகச் சொல்வது, இங்கே ஒரு மாடு தொலைந்தால் தேடி மாளாது என்பதுதான். உங்கள் ஞாபகம் வந்தது. செவலை ஓடைக்குள் இறங்கிவிட்ட அன்று ராத்திரி முழுக்க லாந்தரோடு அலைந்தீர்களே. செவலையை விற்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். என்ன விலைக்கு என்று எழுதவில்லை.

அவ்வளவு உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. இது தெரிந்து உங்கள் மருமகள் சின்ன குக்கரைக் கொண்டுவந்திருந்தாள். முதல் விசில் வந்ததும் நாலு கூடாரம் தள்ளி நின்ற வேனிலிருந்து ஒரு வயதான அம்மா டார்ச்சோடு ஓடி வந்தார். கேஸ் சிலிண்டர் ஏதோ சீறுகிறது என்று பயந்துவிட்டாராம். எழுபது வயது இருக்கும், தனி ஆள். பிள்ளைகள் ‘வேன் ஆச்சி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் இறந்ததும் வீட்டை விற்றுவிட்டு அந்த வேனிலேயே ஆறு வருஷமாக இருக்கிறார். கட்டில், அடுப்பு, ஒரு பூனை, அவ்வளவுதான் குடித்தனம். சாம்பார் சாதம் கொடுத்தோம். கண்ணில் தண்ணீர் வர வர இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். அம்மா கேட்பாள், பிள்ளைகள் இல்லையா என்று. இருக்கிறார்களாம். அவர்கள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினால் மூன்றாம் நாள் எல்லோருக்கும் சலிப்பு வந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. காலையில் கூடார வாசலில் ஒரு கம்பளிப் போர்வை மடித்து வைத்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் வேன் நின்ற இடம் காலி. அந்தப் போர்வை இப்போது நம் வீட்டில் இருக்கிறது.

அவர் சொல்லித்தான் ஒரு விஷயம் தெரிந்தது. இங்கே மத்திய அரசுக்கு ஏகப்பட்ட புறம்போக்கு இருக்கிறது. பல இடங்களில் யார் வேண்டுமானாலும் கூடாரம் போடலாம், காசு கிடையாது. தண்ணீர், கழிப்பறை எதுவும் இருக்காது. பொதுவாக 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் தங்கக் கூடாது, பிறகு வண்டியைக் கிளப்பி வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். மோவாப் என்ற ஊர்ப் பக்கம் இரண்டு ராத்திரி அப்படித்தான் தங்கினோம். நன்றாகவே இருந்தது. வானத்தில் அவ்வளவு நட்சத்திரத்தை மொட்டை மாடியில் கரண்ட் போன நாளில்தான் பார்த்திருக்கிறேன்.

நடுவில் கேப்பிட்டல் ரீஃப் என்று ஒரு பூங்கா. பாலைவனத்துக்கு நடுவே பழத்தோட்டம். 1880களில் மார்மன் என்ற மதப்பிரிவுக் குடும்பங்கள் வந்து ஆற்றோரம் ஆப்பிள், பீச் என்று வைத்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், தோட்டத்தைப் பூங்காக்காரர்கள் தண்ணீர் விட்டுக் காப்பாற்றுகிறார்கள். உள்ளே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். வெளியே எடுத்துப்போவதற்குத்தான் தராசில் நிறுத்து, நாமே பெட்டியில் காசு போட வேண்டும். நாங்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு மூன்றே மூன்று பழம் நிறுத்து எடுத்துவந்தோம். ஆர்ச்சஸ் பூங்காவில் பாறை வளைவுகள் 2,000க்கு மேல் என்றார்கள், பிள்ளைகள் பதினொன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

14ஆம் தேதி சூரிய கிரகணம். நடுவில் இருட்டு, சுற்றி நெருப்பு வளையம். யூட்டாவின் தெற்கே பிளஃப் என்ற சின்ன ஊரில் இருந்தோம், நேர் கீழே. அமெரிக்கா முழுக்கக் கண்ணாடி போட்டு அண்ணாந்து பார்க்கிறது. அடுத்தாற்போல இருப்பது நவஹோ பழங்குடி மக்களின் நிலம். அவர்கள் மட்டும் தங்கள் மான்யுமென்ட் வேலிப் பூங்காவை மதியம் ஒரு மணிவரை சாத்திவிட்டார்கள். கிரகண நேரத்தில் வெளியே வரக் கூடாது, பார்க்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். படித்துவிட்டு உங்கள் மருமகள் டிபன் பாக்ஸை மூடினாள். ‘அத்தை சொன்னால் கேட்கமாட்டீர்கள், இவர்கள் சொன்னால் கேட்பீர்கள்’ என்று எனக்கு ஒரு குத்து வேறு. பிள்ளைகள் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். நான் காருக்குள்தான் இருந்தேன். வெயில் பழுப்பாகிக் குளிர்ந்தது, எங்கோ ஒரு நாய் குரைத்து நின்றது. அம்மா தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போடுவாள், நீங்கள் திண்ணையில் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்து திட்டு வாங்குவீர்கள். அப்போது உங்களுக்கு ராத்திரி பத்து மணி. மூன்று தடவை அடித்தேன். தூங்கியிருப்பீர்கள். போனில் அன்றைய தேதியில் என் பெயர் மூன்று தடவை கிடந்தால் பயப்பட வேண்டாம், விசேஷம் ஒன்றுமில்லை.

மான்யுமென்ட் வேலிக்குப் பாப்பாவின் அட்டை செல்லாது, டிக்கெட் தனி. ரோட்டிலிருந்தே நன்றாகத் தெரிந்தது, அப்படியே வந்துவிட்டோம். அன்று ராத்திரி கிராண்ட் கேன்யனில். மறுநாள் காலை பார்த்தபோது பேச்சே வரவில்லை, ஒரு மைல் ஆழம் என்பதெல்லாம் எழுத்தில் வராது. அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள்: பள்ளத்துக்குள் நிற்கும் மலைகளுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயர். 1880களில் டட்டன் என்ற வெள்ளைக்காரர் வைத்தது. கோயில் என்றதும் தீபாராதனை உண்டா என்று கேட்க வேண்டாம், வெறும் பாறைதான். நான் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து கார் மிதியடியைத் தட்டினால் செம்மண் கொட்டுகிறது. பூங்காவிலிருந்து ஒரு கல், ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது என்பது சட்டம். செருப்பில் ஒட்டி வந்ததை என்ன செய்வது? கள்ளர்வெட்டுத் திருவிழா முடிந்ததும் கற்குவேல் அய்யனார் கோயில் தேரியில் ஆளாளுக்கு மண் அள்ளுவோம், நீங்கள் துண்டில் முடிந்து கொண்டுவந்து பணப்பெட்டிக்குள் போடுவீர்கள். அந்தப் பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை. மிதியடியை இன்னும் ஒழுங்காகக் கூட்டவில்லை, அப்படியே கிடக்கிறது. இந்த வருஷம் எனக்கும் ஒரு பிடி எடுத்து வையுங்கள். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், ஏர்போர்ட்டில் மண்ணை விடமாட்டார்கள்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மாதம் பணம் குறைவாக வந்திருக்கும். இங்கே வருமானவரிக் கணக்கில் ஒரு சிக்கல், இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும். கிணற்று மோட்டாரைப் புதிதாக வாங்க வேண்டாம், காயில் கட்டி ஓட்டச் சொல்லுங்கள். அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்கு நான் சொன்ன மூன்று பவுன் சொன்னதுதான், மாற்றமில்லை. ஆனால் தையில் வேண்டாம், கல்யாணத்தோடு செய்துவிடுகிறேன் என்று அத்தானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வடக்கு விளையை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்காமல் முன்பணம் வாங்க வேண்டாம். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. நாற்பது பனை நிற்கிற இடம், கிணறும் இருக்கிறது. ஒரு மனிதன் வந்து ஓட்டு வீடு போட்டு இருக்க நினைத்தால் தாராளமாக இருக்கலாம். பனையை வெட்ட இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதை வாங்க வருகிறவரிடம் சொல்லுங்கள், அவரே போய்விடுவார். பட்டா நகலை மைனியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் வரியெல்லாம் வலது பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. புரை முற்றுமுன் திருநெல்வேலிக்குப் போய் அரவிந்தில் கண்ணைக் காட்டிவிடுங்கள், தீபாவளி கழியட்டும் என்று தள்ள வேண்டாம். அம்மாவுக்கு முட்டு வலித் தைலம் தீர்ந்திருக்கும், அண்ணனை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. ஆச்சிக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மகன்

பின்குறிப்பு: என் ஆபீஸ் நம்பரை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அது மாறிவிட்டது. செல்லிலேயே பேசச் சொல்லுங்கள், பகலில் எந்த நேரமானாலும் எடுப்பேன். ‘அப்பாவுக்கு இப்போ தினமும் லீவு’ என்று சின்னவன் மைனியிடம் சொன்னானாம், அவன் விளையாட்டுப் பிள்ளை.